அதிகாரிக்கு நான் காட்டிய பாதை

எங்கள் ஊரில் யார் வழி கேட்டாலும் "தோ, கிட்டதான்" என்றுதான் சொல்லுவோம். அவலூர்பேட்டைக்குக் கேட்டாலும் கிட்டதான், செஞ்சிக்குக் கேட்டாலும் கிட்டதான். வெயிலில் வந்து நிற்கிற ஆளிடம் இன்னும் வெகுதூரம் இருக்கிறது என்று சொன்னால் அவர் கால் அங்கேயே சோர்ந்துவிடும். பொய் சொல்கிறோம் என்று யாரும் நினைப்பதில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுப்பது மாதிரி அதுவும் ஒரு மரியாதை.

அந்த மரியாதையை ஒரு நாள் நானும் செய்தேன். என் மகளின் படிப்பு அதில் போயிற்று.

நான் ஊராட்சியில் டேங்க் ஆபரேட்டர். மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றுவேன். காலையிலும் சாயங்காலமும் தெருத்தெருவாகத் திறந்துவிடுவேன். பத்தாம் வகுப்பு பாஸ். அதற்கு மேல் படிக்கவில்லை. எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. தண்ணீர் வரவில்லை என்று யாராவது திட்டினாலும் தலையைக் குனிந்துகொண்டு வால்வு சாவியைத் திருப்புவேன். டீக்கடையில்கூட வாயைத் திறக்க மாட்டேன், ஒரு விரலைக் காட்டுவேன். "ஊமையன் வந்துட்டான், ஒரு டீ போடு" என்பார் கடைக்காரர். எனக்கு அவர் மாமா முறை. அந்தக் கேலியில் கோபம் வந்ததில்லை.

என் மகள் அப்படி இல்லை. அவளும் அதிகம் பேச மாட்டாள், ஆனால் எழுதுவாள். ஏழாவது படிக்கும்போதே ஊரில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுப்பாள். ரேஷன் கார்டில் பெயர் தப்பாக இருக்குது, கம்பம் சாய்ஞ்சி கெடக்குது, முதியோர் பணம் நின்னுப்போச்சி என்று வருவார்கள். ஸ்கேல் வைத்து ஓரம் கோடு போடுவாள். 'பொருள்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு இழுப்பாள். கிழவிகள் வேகவைத்த வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, ஒரு கை கொண்டுவந்து அவள் மடியில் கொட்டிவிட்டுப் போவார்கள். அவள் எழுதி முடித்ததும் நான் அந்தத் தாளை வாங்கிப் பார்ப்பேன். படிக்க மாட்டேன். எழுத்தை மட்டும் பார்ப்பேன். ஒரே அளவாக, நாற்று நட்டது மாதிரி இருக்கும்.

எங்கள் ஊரில் இருப்பது எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஒன்பதுக்குப் பக்கத்துப் பெரிய ஊருக்குப் போக வேண்டும். பள்ளிக்கூடத்தைப் பத்தாவது வரை உயர்த்தித் தரச்சொல்லி ஊரில் ரொம்ப வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் எட்டாவது படித்த வருஷம் கிராம சபையில் அந்தப் பேச்சு மறுபடியும் வந்தது. பள்ளிக்கூடத்துப் புங்கமரத்தடியில் கூட்டம். நான் வழக்கம்போல் சுவரோரம் நின்றேன்.

"வருஷா வருஷம் மனு குடுத்துக்கினேதான் இருக்கறோம்" என்றார் டீக்கடை மாமா.

"நீ குடுத்த மனுவுலதான் செஞ்சியில வடை மடிச்சிக் குடுக்கறாங்களாம் மாமா" என்று ஒருவன் சொல்ல, கூட்டம் சிரித்தது.

அவனே தொடர்ந்து, "ஸ்கூலு இன்னாத்துக்கு? சாயங்காலம் நாலரைக்கு ஒரு பஸ்ஸு விடச் சொல்லு, முடிஞ்சிபோச்சி" என்றான்.

"பஸ்ஸு வந்தா புள்ளைங்களுக்கு முன்னாடி நீதான் தொத்துவ, கடைக்குப் போவற நேரம்" என்றாள் நூறு நாள் வேலைக்கு மேஸ்திரியாக இருந்த அக்கா. "பொட்டப் புள்ளைங்க படிப்பப் பத்திப் பேசுங்கடான்னா இவனுங்க சரக்கடிக்கப் பஸ்ஸு கேக்கறானுங்க."

அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. தலைமையாசிரியை டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் செஞ்சியிலிருந்து தினம் வந்து போகிறவர். "சிரிச்சது போதும்பா. ஸ்கூலு வந்துட்டா எல்லாம் வந்துடும்னு நினைக்காதீங்க. செஞ்சிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊருக்குத் தரம் உயர்த்திக் குடுத்தாங்க. ரெண்டே ரூம்பு, கணக்கு டீச்சர் இன்னும் வரல. அதனால பஸ்ஸும் கேளுங்க, டீச்சரும் கேளுங்க, எல்லாத்தையும் எழுதுங்க. ஆனா மொதல்ல தூரத்தைத் தெளிவா எழுதணும்" என்றார்.

அவர் தூரம் என்று சொன்ன அந்த நேரம் பார்த்து த்ரீ பேஸ் கரண்ட் வந்தது. நான் மோட்டார் போட ஓடினேன். திரும்பி வந்தபோது கூட்டம் கலைந்துவிட்டது. மனு எழுதுகிற வேலையை என் மகளுக்குக் கொடுத்திருந்தார்கள்.

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள். எழுதுவதற்கு முன்னால் சிநேகிதிகளோடு ரோட்டில் நடந்து போய்க் கிலோமீட்டர் கல்லையெல்லாம் எண்ணிக்கொண்டு வந்தாள். ஊரே கையெழுத்துப் போட்டது. நானும் போட்டேன். அப்போதும் அவள் எழுத்தைத்தான் பார்த்தேன், என்ன எழுதியிருக்கிறாள் என்று படிக்கவில்லை.

பங்குனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மனுவை விசாரிக்கக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். சொல்லாமல் கொள்ளாமல், தனியாகத் தன் மோட்டார் சைக்கிளில் வந்தார். பள்ளிக்கூடம் லீவு. டீச்சர் செஞ்சியில். ஊராட்சித் தலைவர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். என் மனைவியும் மகளும் மல்லாட்டை பிடுங்கப் போயிருந்தார்கள். டீக்கடையில் மாமாவும் நானும் இன்னும் இரண்டு பேரும்தான் இருந்தோம்.

"ஒம்பதாவதுக்குப் பசங்க நடந்து போற வழிய நான் பாக்கணும்" என்றார் அதிகாரி. சட்டையெல்லாம் வியர்த்திருந்தது. "ரொம்பத் தூரமா?"

"ஐயையோ, இன்னா சார், தோ கிட்டதான்" என்றார் மாமா. வாயில் அது தானாக வந்துவிட்டது. "ரோட்டுல போனா ஜல்லி கொட்டி வெச்சிருக்கான், வண்டி சறுக்கும். ஏரிக்கரை மேல போனா சல்லுனு போயிடலாம். இவன் அந்த வழியாப் போய்த்தான் பத்தாவது பாஸ் பண்ணான். டேய், சாரக் கூட்டினு போடா. வண்டிய நான் ரோட்டு வழியா மெதுவா ஓட்டினு வந்து அங்க குடுத்துடறேன் சார், நீங்க திரும்பி நடக்க வேணாம்."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் உள்ளே ஒரு சந்தோஷம். ஒரு வேலைக்கு என்னைப் பார்த்து நீ போ என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

அதிகாரி செல்போனில் ஏதோ அழுத்திச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இது நடக்க நடக்கத் தூரம் காட்டும்" என்றார். எனக்கு அது ஒரு அதிசயமாக இருந்தது.

ஏரிக்கரையில் ஏறினோம். ஏரியில் தண்ணீர் இல்லை, நடுவில் மாடு மேய்ந்தது. கரை முடிந்து பாறைப் பக்கம் திரும்பினால் தூரத்தில் கோட்டை மலை தெரியும். "எத்தன வருஷம் இப்டி நடந்தீங்க?" என்று கேட்டார். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். குரலில் அதிகாரம் இல்லை. ரெண்டு வருஷம் சார் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

எனக்குப் பேச்சு வந்துவிட்டது. அது எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. நாங்கள் நாலு பேர் போனது, மழைக்காலத்தில் ஏரி நிரம்பி வழிகிற கலங்கலில் தண்ணீர் போனால் புஸ்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கியது, இந்தப் பாறையில் அட்டை வைத்துச் சறுக்கி டவுசர் கிழிந்தது, முதல் மணி அடிக்கிற சத்தம் பனந்தோப்புக்கு வரும்போது கேட்டால் ஓட்டமாக ஓடுவது, எல்லாம் சொன்னேன். "முக்கா மணியில போயிடுவோம் சார். நாலு பேர்ல நான் ஒருத்தன்தான் பாஸு."

"அட!" என்றார் அவர்.

என் பேச்சைக் கேட்டு யாரும் அட என்று சொன்னதில்லை. நான் இன்னும் பேசினேன். ஷூ கடித்து அவர் ஒரு இடத்தில் உட்கார்ந்தார். அங்கேயும் நின்றபடி பேசினேன்.

பாறையைத் தாண்டியதும் கைவிட்ட கல்குவாரிப் பள்ளம். நான் படித்த காலத்தில் அங்கே குவாரி கிடையாது. சுற்றிலும் காலி பாட்டில் கிடந்தது. உடைந்த கண்ணாடி வெயிலில் மினுங்கியது. அதிகாரி அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "பொம்பளப் புள்ளைங்களும் இந்த வழியாத்தான் வருதுங்களா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு எனக்கு உண்மையில் பதில் தெரியாது. என் மகளுக்கு மூத்த பெண்கள் எந்த வழியாகப் போனார்கள் என்று நான் கவனித்ததே இல்லை. காலையில் அவர்கள் கிளம்புகிற நேரத்தில் நான் தொட்டிக்குக் கீழே வால்வு திருப்பிக்கொண்டிருப்பேன். தெரியாது சார் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வராது என்பது மாதிரி சொன்னால், எங்கள் ஊர்ப் பக்கம் பெண் பிள்ளைகள் நடமாட முடியாது என்று வெளியாளிடம் நானே சொன்ன மாதிரி ஆகும். ஊர் மானத்தை எப்படிக் கொண்டுபோய் ஒருத்தர் காலில் போடுவது?

"வரும் சார்" என்றேன். "எங்க ஊர்ல பயம்னு ஒண்ணும் கெடையாது."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

உயர்நிலைப் பள்ளி வாசலுக்குப் போனபோது மாமா இன்னும் வரவில்லை. கடையில் ஆள் குறைந்த பிறகுதான் கிளம்பினாராம், கொஞ்ச நேரம் கழித்துப் புழுதியோடு வந்து சேர்ந்தார். "இன்னா சார், வண்டி வர்றதுக்குள்ள நடந்தே வந்துட்டீங்க!" என்று சிரித்தார். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். நானும் சிரித்ததுதான் இன்றைக்கும் எனக்குள் குத்துகிறது.

அதிகாரி போனை எடுத்துப் பார்த்தார். "நாலு புள்ளி ஆறு" என்றார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். என் மகளின் எழுத்து. "மனுவுல ஏழரைன்னு எழுதியிருக்காங்க. நல்லா எழுதறாங்க யாரோ. ஆனா கொஞ்சம் தூக்கலா எழுதிட்டாங்க."

அது என் மகள் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வண்டியில் ஏறிப் போனார். மாமாவும் நானும் ஏரிக்கரை வழியே நடந்து திரும்பினோம்.

சாயங்காலம் மனைவியும் மகளும் வந்தார்கள். மகள் வாசலில் உட்கார்ந்து நகக்கண்ணில் இருந்த மண்ணை ஈர்க்குச்சியால் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் அட என்று சொன்னதைக்கூடச் சொன்னேன். "இன்னாய்யா, அம்மாம் பேச்சா பேசின நீ?" என்று மனைவி ஆச்சரியப்பட்டாள்.

மகள் குச்சியைக் கீழே போட்டாள். "எந்த வழியா கூட்டினு போன நைனா?"

"ஏரிக்கரை வழியாத்தான்."

எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். பிறகு, "நாங்க யாரும் அந்த வழியாப் போவமாட்டமே நைனா" என்றாள். "குவாரியாண்ட குடிச்சிட்டு உக்காந்துனு இருப்பானுங்க. அக்காங்க எல்லாம் ரோட்டுலதான் சுத்திப் போவாங்க. அஞ்சு கிலோமீட்டருக்குள்ள ஹைஸ்கூலு இருந்தா குடுக்க மாட்டாங்க, அதுக்காகத்தான் டீச்சர் தூரத்த எழுதச் சொன்னாங்க. ஏன் நைனா வரும்னு சொன்ன?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

திங்கட்கிழமை டீச்சர் விஷயம் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் போயிச் சொல்றேன். ஆனா நான் சொன்னா ஸ்கூலுக்காகச் சொல்றேன்னு நினைப்பாங்க. கூட்டிட்டுப் போனவர் நீங்க. நீங்களே ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா திரும்ப அளப்பாங்க" என்றார்.

போனேன். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். புதன்கிழமை காலைத் தண்ணீரைத் திறந்துவிட்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு செஞ்சியில் இருக்கிற அவர் அலுவலகத்துக்குப் பஸ் ஏறினேன். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. 'சார், பொம்பளப் புள்ளைங்க அந்த வழியா வராதுங்க சார், நான் தெரியாம சொல்லிட்டேன்.' பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அதையே சொல்லிப் பார்த்தேன். அலுவலக வாசலில் ஒரு வேப்பமரம். அதன் கீழே நின்றேன். உள்ளே போகிறவர்கள் எல்லாம் பேப்பரோடு போனார்கள். என் கையில் பேப்பர் இல்லை. மகளிடம் எழுதி வாங்கி வந்திருக்கலாம் என்று தோன்றியது. இன்னும் ஒருத்தர் போகட்டும், பிறகு போகலாம் என்று நினைத்தேன். அவர் போனார். இன்னும் ஒருத்தர் வந்தார்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் அந்த அதிகாரியே வெளியில் வந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. நின்று சிரித்தார். "என்னங்க, இங்க?"

சொல்லிப் பழகிய அந்த ஒரு வரிக்காகத்தான் வாயைத் திறந்தேன்.

"சும்மா சார். கரண்ட் பில்லு கட்ட வந்தேன்" என்றேன்.

"கால் இன்னும் வலிக்குதுங்க உங்க பாறையால" என்று சொல்லிவிட்டு அவர் ஹோட்டல் பக்கம் போனார். நான் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்து, "சொன்னியா நைனா?" என்று கேட்டாள். சார் லீவாம் என்றேன். அவள் ஒரு பழத்தை உரித்துத் தின்றாள். "சரி விடு நைனா, டீச்சர் சொல்லுவாங்க" என்றாள்.

டீச்சர் சொன்னார். பலன் இல்லை. பள்ளி திறந்த மாதத்தில் பதில் வந்தது. நிர்ணயித்த தூரத்துக்குள் உயர்நிலைப் பள்ளி இருப்பதால் கோரிக்கையைப் பரிசீலிக்க இயலவில்லை. டீக்கடையில் அதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டியதும் என் மகள்தான். செய்தித்தாள் படிப்பது மாதிரி ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்துவிட்டு, மடித்து மாமாவிடம் கொடுத்தாள். மாமா அன்றைக்கு யாரையும் கேலி செய்யவில்லை.

அந்த வருஷம் எட்டாவது முடித்த பெண்கள் ஐந்து பேர் ஒன்பதாவதில் சேர்ந்தார்கள். ரோட்டில்தான் நடந்தார்கள். காலையில் ஏழு மணிக்கு ஒரு பஸ் உண்டு. அதில் போனால் பள்ளிக்கூடத்தை வாட்ச்மேன் திறப்பதற்கு முன்னால் வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டும். அடுத்த பஸ் பத்தரைக்கு. சாயங்காலம் ஆறரை வரைக்கும் பஸ்ஸே கிடையாது. பிள்ளைகளுக்குப் பஸ் பாஸ் இலவசம், அந்த நேரத்துக்கு பஸ் மட்டும் இல்லை. சைக்கிளும் அரசாங்கம் தருகிறது, பதினோராம் வகுப்பில். ஒன்பதாவதைத் தாண்டினால்தானே பதினொன்று? நாலு பேர் முன்னால் இதையெல்லாம் பேச எனக்குத் தெரியாது. தொட்டியின் கீழே தனியாக உட்கார்ந்து யோசித்திருக்கிறேன். கட்டடம் கட்ட முடியாவிட்டால் போகட்டும். நாலரைக்கு ஒரு பஸ் வந்திருந்தால் போதும். அந்த சைக்கிளை இரண்டு வருஷம் முன்னால் கொடுத்திருந்தால்கூடப் போதும். அல்லது அளக்க வந்தவர்கள் ஒரு பெண் பிள்ளையைக் கூப்பிட்டு, நீ எப்படிம்மா போவாய் என்று கேட்டிருந்தால் போதும்.

நானே கேட்கவில்லை. அவர்களைச் சொல்லி என்ன?

ஐந்து பேரில் ஒருத்தி ஆடி மாதத்தில் நின்றுவிட்டாள், தம்பியைப் பார்த்துக்கொள்ள. ஒருத்தி செஞ்சியில் மாமன் வீட்டோடு போய்விட்டாள். ஒருத்தி வயதுக்கு வந்ததும் அனுப்பவில்லை. இன்னொருத்திக்கு மஞ்சள் காமாலை, அதோடு சரி. மேல் வகுப்பில் அந்த வருஷம் எங்கள் ஊர்ப் பெண் யாரும் இல்லை. கார்த்திகை வந்தபோது என் மகள் தனி. விடுதியில் சேர்க்கலாம் என்று டீச்சர் சொன்னார். "ஒரே பொண்ண வெளியில படுக்க வெக்கறதா?" என்று மனைவி அழுதாள். காலையில் முன்னதாகவே தண்ணீர் திறந்துவிட்டு பாதி தூரம் நான் கூட நடப்பேன். சாயங்காலம் போக முடியாது. நாலு மணிக்கு மேல்தான் கரண்ட் வரும், ஊர் குடத்தோடு நிற்கும். யாராவது ஒருத்தரிடம் சாவியைக் கொடுத்து இன்றைக்கு நீ திற என்று கேட்டிருந்தால் திறந்திருப்பார்கள். நான் கேட்கவில்லை.

கார்த்திகை கடைசியில் ஒரு நாள் ஸ்பெஷல் கிளாஸ் வைத்து நேரமாகிவிட்டது. மழை இருட்டு கட்டிக்கொண்டு வந்ததாம். மகள் ரோட்டை விட்டுவிட்டுக் குறுக்கே வந்துவிட்டாள்.

வாசலுக்கு வந்தபோது அவள் காலில் ஒரு செருப்புதான் இருந்தது. இன்னொரு காலில் கண்ணாடி கிழித்து ரத்தம். அவள் அம்மா கத்திக்கொண்டு ஓடினாள். "ஒண்ணும் ஆவல, ஒண்ணும் ஆவல. ரெண்டு பேர் கூப்ட்டானுங்க. நான் ஓடியாந்துட்டேன், அவ்ளோதான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் டார்ச் எடுத்துக்கொண்டு செருப்பைத் தேடப் போனேன். குவாரிப் பள்ளத்தில் யாரும் இல்லை. செருப்பு கிடைக்கவில்லை. நான் அதிகாரியிடம் அந்த வார்த்தையைச் சொன்ன அதே இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் அவள் யூனிபார்ம் போடவில்லை. "நான் போவல நைனா" என்றாள். போ என்று சொல்லவும் எனக்கு வாயில்லை, போகாதே என்று சொல்லவும் வாயில்லை. டீச்சர் இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். என் மனைவி கும்பிட்டு அனுப்பிவிட்டாள்.

இப்போது எட்டு வருஷம் ஆகிறது. மகள் சென்னையில் ஒரு பெரிய துணிக்கடையில் இருக்கிறாள். ஒரகடம் பக்கம் கம்பெனிக்கு ஆள் எடுத்தபோது போய்ப் பார்த்தாள். டென்த் சர்டிபிகேட் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். துணிக்கடையிலும் பில் எழுதுவது பத்தாவது படித்தவர்கள்தான். வாங்க வந்தவர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போகிற புடவைகளை மடித்து வைப்பது அவள் வேலை. நாள் முழுக்க நின்றபடிதான். ஊருக்கு வந்தால் காலை நீட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்துவிடுவாள். கிழவிகள் யாராவது மனுவோடு வந்தால், "செஞ்சியில கம்ப்யூட்டர்ல அடிச்சிக் குடுப்பாங்க ஆயா, அதான் இப்ப செல்லும்" என்று சொல்லி அனுப்பிவிடுவாள்.

இந்த வருஷம் மறுபடியும் மனு போட்டார்கள். கம்ப்யூட்டரில் அடித்த மனு. போன மாதம் ஒரு பெண் அதிகாரி ஜீப்பில் வந்தார். டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டார், டீக்கடை மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். டீக்கடையில் இப்போது இருக்கிற அவர் மருமகன் அதே குரலில், "கிட்டதான் மேடம், ஏரிக்கரை வழியா…" என்று ஆரம்பித்தான்.

"இல்ல" என்றேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டீ கிளாஸைக் கீழே வைத்தேன். "பொம்பளப் புள்ளைங்க அந்த வழியா வராதுங்க மேடம். ரோட்டுலதான் வரும். ஏழரை கிலோமீட்டர். வாங்க, நான் காட்டறேன்."

ஜீப்பில் என்னை முன்னால் உட்கார வைத்தார். ஏழு புள்ளி நாலு காட்டியது. அவர் குறித்துக்கொண்டார். "தூரம் சரியா இருக்கு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊருக்குத் திரும்பியதும் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். எட்டாவதில் இப்போது ஒன்பது பிள்ளைகள். வசதி உள்ளவர்கள் எல்லாரும் பிரைவேட் ஸ்கூல் வேனில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். பத்தாவது வரைக்கும் ஒரே இடமாக இருக்கட்டும் என்று ஒன்றாவதிலேயே சேர்த்துவிடுகிறார்கள். "புள்ளைங்க எண்ணிக்கை பத்தாதே" என்றார் அதிகாரி. "அப்பவே ஹைஸ்கூலு வந்திருந்தா வேன்ல போறவங்களும் இங்கேயே இருந்திருப்பாங்க, இல்ல?" அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. வெறுமனே கேட்டார்.

அன்றைக்கு மதியம் மகளுக்குப் போன் போட்டேன். அவளுக்குச் சாப்பாட்டு நேரம். ஏழு புள்ளி நாலு என்று சொன்னேன். மனுவில் அவள் எழுதியது சரிதான் என்று சொன்னேன்.

"நடந்தவ நான்தானே நைனா, எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தாள்.

அப்போதுதான் அதைச் சொல்ல முடிந்தது. செஞ்சிக்குப் போன அன்றைக்கு அந்த சார் லீவில் இல்லை, என் எதிரிலேயே வந்து நின்றார், நான் கரண்ட் பில் கட்ட வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன் என்று சொன்னேன். வார்த்தை வார்த்தையாகத்தான் வந்தது. அந்தப் பக்கம் கடைப் பாட்டு மட்டும் கேட்டது.

"தெரியும் நைனா" என்றாள். "டீச்சர் அடுத்த வாரமே போனாங்க இல்ல, அப்ப அந்த சாரு சொல்லியிருக்காரு. 'அவரே வந்தாரே, ஒண்ணும் சொல்லலையே'ன்னு. டீச்சர் எங்கிட்ட சொன்னாங்க."

எட்டு வருஷம். ரோட்டில் ஏழரை கிலோமீட்டர் போகும்போதும் வரும்போதும் அவளுக்கு அது தெரிந்திருக்கிறது. பாதி தூரம் நான் கூட நடந்த காலைகளில் தெரிந்திருக்கிறது. செருப்பு இல்லாமல் வந்து நின்ற அன்றைக்கும் தெரிந்திருக்கிறது.

"ஏம்மா ஒரு வார்த்தை கேக்கல?" என்றேன்.

"கேட்டா நீ இன்னா சொல்லியிருப்ப நைனா?"

அவளை யாரோ கூப்பிட்டார்கள். தோ வரேன் என்று அந்தப் பக்கம் குரல் கொடுத்தாள்.

"சரி, வெச்சிடறேன்" என்றாள். "நீ சாப்டியா?"